தண்ணீர் குடிக்காத மனிதர்

நான் முட்டாள் என்பதை என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அது உறுதிப்பட இன்னும் சில வருஷங்கள் ஆயின. உறுதிப்பட்ட இடம், காளவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில், காதர் பாயின் மோட்டார் பட்டறை வாசலில் கிடந்த ஒரு மர பெஞ்சு.

இதுவரை இந்தத் தொடரில் என் அசட்டுத்தனங்களைப் பொடிப்பொடியாகத்தான் தூவி வந்திருக்கிறேன். இந்த வாரம் முழுசாக ஒன்று.

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. உச்சி வெயில். பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, காலில் செம்மண் அப்பிய கான்வாஸ் செருப்பு. உதடு வெடித்திருக்கிறது. அவர் முன்னால் நான் செம்பு நிறையத் தண்ணீரோடு நிற்கிறேன்.

"குடிங்க சார்."

"வேண்டா."

"ஒரு வாய்."

"வேண்டா."

எனக்குப் பக்கத்தில் நின்ற வெற்றிலைக்கடைப் பாண்டி என் காதில் சொன்னான்: "மாப்ள, சந்தேகமே இல்ல. இவன் அவன்தான்."

இவன் எவன், அவன் எவன் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஏலக்காய் வாசம் அடிக்கிற வீடு

பட்டறைக்கு நேர் எதிர்வீடு சாமுவேல் ஐயாவுடையது. ஏலக்காய் வியாபாரம். போடிப் பக்கத்திலிருந்து மூட்டை வந்து இறங்கும் நாளில் தெரு முழுக்கப் பாயசம் வைத்த மாதிரி இருக்கும். சொந்த ஊர் கொச்சி. மதுரைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் தமிழில் மலையாளம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

பெயர் சாமுவேல் என்பதால் தெருவே அவரைக் கிறிஸ்தவர் என்று முடிவு கட்டியிருந்தது. நானும்தான். டிசம்பர் வந்தால் நான் முதல் ஆளாகப் போய் வாழ்த்துச் சொல்வேன். அவரும் "சந்தோஷம் தம்பி" என்பார். அவர் மனைவி ராகேல் அம்மா உள்ளிருந்து தேங்காய்ப்பால் மணக்கும் பலகாரம் ஒரு தட்டில் கொண்டுவந்து வைப்பார். இப்படியே பல வருஷம் போனது. ஒரு வருஷம் என் மனைவிதான் கேட்டாள்: "அம்மா, மத்த வீட்டுல எல்லாம் நட்சத்திரம் கட்டித் தொங்கவிடுறாங்க. நீங்க ஏம்மா கட்டுறதில்ல?"

ராகேல் அம்மா சிரித்தார். "நாங்க யூதர்கள்மா. அந்தப் பண்டிகை எங்களோடது இல்ல."

"அப்புறம் ஏம்மா வருஷா வருஷம் பலகாரம் குடுத்தீங்க?"

"உன் வீட்டுக்காரர் இவ்வளவு ஆசையா வந்து நிக்கும்போது என்ன செய்ய?"

அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சில விஷயங்கள் புரிந்தன. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது அந்த வீட்டில் கண்ணாடிக் கிண்ணங்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவார்கள். விளக்குக்குப் பின்னால் என்ன சாமி இருக்கிறது என்று என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சுவர்தாங்க இருக்கு" என்றாள், ஆச்சரியமாக.

சனிக்கிழமை காலையில் அந்த வீட்டுக் கூடத்தில் சிலபேர் கூடுவார்கள். மதுரையில் அவர்களுக்குத் தனிக் கோயில் கிடையாது. அந்தக் கூடம்தான் எல்லாம். ஒரு காலத்தில் நிறையக் குடும்பங்கள் இருந்தனவாம். ஒவ்வொன்றாகக் கப்பலேறிப் போனது போக, அந்தச் சமயத்தில் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலுமாக மிஞ்சிய ஆண்கள் ஐயாவையும் சேர்த்து ஒன்பது பேர்.

ஒன்பது என்பதை மட்டும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கல்

அந்த வருஷம் கோடை தொடங்கும்போது ராகேல் அம்மா இறந்துபோனார். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஒரே மகள், அவளும் இஸ்ரேலில். ஐயா தனியாளானார். கடைக்குப் போய்விட்டு வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

அடுத்த சில மாதத்தில் ஒரு சனிக்கிழமை. உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. என் கண்ணாடிதான் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். பாதி முகம் சோப்போடு வெளியே ஓடினால், ஐயா வீட்டுச் சன்னல் உடைந்து கிடந்தது. உள்ளே பாயின் மேல் என் கை அளவுக்கு ஒரு கருங்கல். யார் மேலும் படவில்லை. அது ராகேல் அம்மா வழக்கமாக உட்காரும் இடம் என்பதை யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

எங்கேயோ தூர தேசத்தில் யூதர்களுக்கும் அரபுக்காரர்களுக்கும் சண்டை என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தக் கோபத்தை எவனோ காளவாசலுக்குத் தூக்கிவந்து எறிந்துவிட்டான். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. போலீஸ்காரர் வந்து பார்த்தார். "இனிமே கதவைச் சாத்தி வச்சுக்கங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐயா சாத்தவில்லை. "சாத்திட்டா வர்றவங்க எப்படி வருவாங்க?" என்றார்.

அன்றைக்குத் தெருவில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை வெறும் சிரிப்புக்காக எழுதியதாகிவிடும். கல் விழுந்ததிலிருந்து எல்லோரும் காதர் பாயைப் பார்த்தார்கள். நேராக இல்லை. பட்டறையைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். பாய் அன்று முழுக்க ஒரு மோட்டாரைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

"ஐயா, வர்ற சனிக்கிழமையிலேர்ந்து நான் வாசல்ல நிக்கிறேன்."

"உனக்கு எதுக்கு இந்தச் சோலி காதரு?"

"என் பட்டறை வாசல்லேர்ந்து பாத்தா உங்க வாசல்தானய்யா தெரியுது."

இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குள் ஒரு தலைவன் எழுந்து நின்றான். என் வாழ்க்கையில் நடந்த பெரும்பாலான விபத்துகள் அவன் எழுந்து நின்றதால் நடந்தவை.

கயிறு

நான் அப்போது ஒரு பண்டகசாலையில் எழுத்தர். ஆனால் சித்திரைத் திருவிழா வந்தால் நான் வேறு ஆள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக்குள் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்கும் தொண்டர்களுக்கு நான்தான் தலைமை. ஊதல் ஒன்று கழுத்தில் தொங்கும். லட்சக்கணக்கான ஜனத்தை ஒரு கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தியவன் என்ற நினைப்பு எனக்கு. உண்மையில் ஜனம் தானாக நின்றது, கயிறு சும்மா கூட இருந்தது.

அதனால் ஐயா வீட்டுக் காவலுக்குப் பயிற்சி தரும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. காதர் பாய், வெற்றிலைக்கடைப் பாண்டி, தெருவில் இன்னும் மூன்று நான்கு பேர். பாண்டி சோழவந்தானிலிருந்து வெற்றிலை எடுத்துவந்து விற்பவன். ஆள் மட்டும் ஆலமரம். அவன் நின்றாலே போதும், ஊதலெல்லாம் வேண்டாம்.

முதல் நாள் பயிற்சிக்குப் பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்கு நான் முப்பது முழம் தாம்புக்கயிற்றோடு போனேன்.

பாய் கயிற்றைப் பார்த்தார். "அண்ணே, உள்ள வர்றது எம்புட்டுப் பேரு?"

"ஒன்பது பத்து இருக்கும்."

"அந்தப் பத்துப் பேரையும் சுத்திக் கட்டப்போறமா?"

கயிற்றை நான் அன்றே வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணி காயப்போடக் கட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதோடு முடிந்தது.

அடுத்தது, வாசலில் வருகிறவரை விசாரிக்கும் பயிற்சி. பாய் அயலூர்க்காரராக நடித்துக்கொண்டு வந்தார். பாண்டி மறிக்க வேண்டும். பாண்டி இரண்டு கையையும் கூப்பினான்.

"வாங்க வாங்க. உக்காருங்க. எந்த ஊரு?"

"டேய், அவரு உள்ள கல்லு எறிய வந்தவருடா."

"இருக்கட்டும் மாப்ள. வீடு தேடி வந்த ஆளை, வாசல்ல நிப்பாட்டி யாருடா நீன்னு எப்படிக் கேக்குறது?"

பாண்டி சொன்னது எங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. எங்கள் பக்கம் வாசலில் வந்து நிற்பவரிடம் 'யார் நீ' என்று கேட்டால் அந்த மனிதர் மூன்று தலைமுறைக்குப் பேசமாட்டார். எந்த ஊர் என்று கேட்போம். அங்கே நமக்குத் தெரிந்த ஒருத்தர் இருப்பார். அவர் இவருக்கு ஏதோ ஒரு வழியில் மச்சான் ஆகிவிடுவார். அப்புறம் எங்கே மறிப்பது? இரண்டு பயிற்சியில் காதர் பாய் என்ற கற்பனைத் திருடர், பாண்டிக்குச் சித்தப்பா முறை ஆகிவிட்டார்.

அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது.

என் கண்டுபிடிப்பு

பகை உள்ள வீட்டில் எங்கள் ஆட்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தைக்கு வருகிறவர்கூட வாசலோடு நின்று பேசிவிட்டு, நீட்டிய செம்பைத் தொடாமல் போவார். தொட்டுவிட்டால் சண்டை பாதி தீர்ந்தது என்று அர்த்தம். நான் இதைச் சட்டமாக்கினேன்.

"வர்றவங்க எல்லாருக்கும் முதல்ல தண்ணி குடுக்கணும். மனசுல கெட்ட எண்ணத்தோட வந்தவன் இந்த வீட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டான். குடிச்சா உள்ள விடு. குடிக்காட்டி நிறுத்து. கேள்வியே கேக்க வேணாம், மரியாதையும் போகாது."

பாண்டி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். காதர் பாய் மட்டும், "தாகம் எடுத்த திருடன் வந்தா என்னண்ணே பண்றது?" என்றார். அவருடைய கேள்வியைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

சில சனிக்கிழமைகள் அந்தத் திட்டம் அற்புதமாக நடந்தது. வந்த எல்லோரும் குடித்தார்கள். ஐயாவிடம் பாலிசி எடுக்கச் சொல்லி வந்த ஒரு முகவர் இரண்டு செம்பு குடித்துவிட்டு ராஜா மாதிரி உள்ளே போனார். ஐயா அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கேள்வி இருந்தது. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு சட்டமும் போட்டேன். ஜெபம் நடக்கும்போது உள்ளே இருக்கிறவர்கள் சன்னலைத் திறக்கக் கூடாது, வெளியே தலைகாட்டக் கூடாது. நாங்களும் நடுவில் கதவைத் தட்ட மாட்டோம். "வெளியில என்ன நடந்தாலும் என் பொறுப்புய்யா" என்று மார்பில் தட்டிச் சொன்னேன். கதவைச் சாத்த மாட்டேன் என்று சொன்ன மனிதர், எனக்காக அந்தச் சில மணி நேரம் சாத்திக்கொள்ளச் சம்மதித்தார்.

பத்தாவது ஆள்

புரட்டாசியில் அவர்களுக்குப் பெரிய நாள் ஒன்று வந்தது. ஒரு பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் பொழுது சாயும்வரை விரதம் இருந்து, செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கும் நாள். அந்த வருஷம் அது சனிக்கிழமையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐயா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் என்னை உட்காரவைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தம்பி, செத்தவங்களுக்காக நாங்க எழுந்து நின்னு சொல்ற ஜெபம் ஒண்ணு இருக்கு. தனியாச் சொல்ல முடியாது. பத்து ஆம்பளை இருந்தாத்தான் சொல்லலாம்."

நான் தலையாட்டினேன்.

"ராகேல் போனதிலேர்ந்து இங்க பத்து சேரல. ஒரு தடவைகூட நான் அவளுக்கு அதைச் சொல்லல. நாளைக்கு அவ தம்பி பெஞ்சமின் கொச்சியிலேர்ந்து வர்றான். இன்னிக்குச் சாயங்கால ரயில். அவன் வந்தா பத்து."

"பாத்துக்கிறேன்யா. பெட்டியோட வருவாரா?"

"பெட்டி இல்லாம ரயில்ல எவன் வருவான்?"

லட்சம் பேரைக் கண்டவனுக்கு ஒன்பதும் பத்தும் ஒன்றுதான். ஐயா சொன்னதில் என் மண்டையில் தங்கியது பெட்டி மட்டும்.

சாயங்காலம் பாண்டியை ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். ரயில் நேரம் கழித்து வந்தது. கடைசி ஆள் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, அப்படி யாரும் வரவில்லை என்று திரும்பி வந்தான். சாத்திய கதவின் இந்தப் பக்கமிருந்து ஐயாவிடம் சொன்னேன்.

இனி அந்த பெஞ்சுக்கு வரலாம்.

உபசாரம்

சனிக்கிழமை காலை. காதர் பாய் சோழவந்தான் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் பம்புசெட் நின்றுவிட்டதென்று அவசரமாகப் போயிருந்தார். வாசல் என் பொறுப்பிலும் பாண்டி பொறுப்பிலும் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒன்பது பேரும் முதல் நாளே வந்து உள்ளேயே தங்கிவிட்டதால் யாருக்கும் செம்பு நீட்ட வேண்டிய வேலை இல்லை. உச்சி வேளைக்குத்தான் அந்த மனிதர் தெருமுனையிலிருந்து தள்ளாடி நடந்து வந்தார்.

"சாமுவேல் வீடு?"

"நீங்க?"

"பெஞ்சமின்."

நான் அவர் கையைப் பார்த்தேன். பெட்டி இல்லை. பையும் இல்லை. சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"எதுல வந்தீங்க?"

"நடந்து."

"எங்கேருந்து?"

"கொச்சி."

பாண்டி என்னைப் பார்த்தான். அந்த மனிதர் சிரமப்பட்டு விளக்கினார். ரயில் என்றார். திருப்பரங்குன்றம் என்றார். வானத்தைக் காட்டி, சூரியன் என்று சொல்லிக் கையைக் கீழே இறக்கினார்.

"வெயிலு மண்டைக்கு ஏறிருச்சு மாப்ள" என்றான் பாண்டி.

நான் செம்பை நீட்டினேன். அவர் வேண்டாம் என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் சட்டம் தன் முதல் குற்றவாளியைப் பிடித்துவிட்டது. ஆனால் நாங்கள் மதுரைக்காரர்கள். பிடித்த ஆளை வெயிலில் நிறுத்துவோமா? பட்டறை நிழலில் பெஞ்சில் உட்காரவைத்தோம். பாண்டி கடையிலிருந்து விசிறி கொண்டுவந்து வீசினான்.

"எனக்கு இன்னிக்கு உபவாசம்" என்றார் அவர்.

"எனக்கும் விரதந்தான் சார். புரட்டாசிச் சனி. காலையிலேர்ந்து நாலே நாலு இட்லி, ரெண்டு வடை, ஒரு காப்பி. தண்ணிக்கு என்ன தோசம்? குடிங்க."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். எங்கள் வீட்டில் விரதம் என்றால் சோறு கிடையாது, அவ்வளவுதான். அதை ஈடுகட்டப் பலகாரம் இரண்டு மடங்காக வரும். தண்ணீரைக்கூடத் தொடாத விரதம் என்று ஒன்று இருக்கும் என்பது என் இட்லி நிரம்பிய மூளைக்கு எட்டவில்லை.

தண்ணீர் வேண்டாமென்றால் மோர் பிடிக்குமோ என்று பாண்டி மோர் வாங்கி வந்தான். பெருங்காயமும் கொத்தமல்லியும் மணந்தது. வேண்டாம். இளநீர் வெட்டிக் கொண்டுவந்தான். வேண்டாம். கடைசியில் கோலிசோடாவை அவர் மூக்குக்கு நேராக வைத்து 'டப்' என்று உடைத்தான். அதன் நுரை அவர் முழங்காலில் தெறித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எம்புட்டு வைராக்கியமான பகைன்னு பாத்தியா மாப்ள" என்றான் பாண்டி. அவன் குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

"சாமுவேலை விளிக்க முடியுமா?" என்று அவர் கேட்டார்.

"ஜெபம் நடக்குது சார். நடுவுல கதவைத் தட்ட முடியாது. முடிஞ்சதும் அவரே வந்து உங்களைப் பாத்து, ஆமா இவர்தான்னு சொன்னாருன்னா உள்ள விட்டுருவேன்."

"ஜெபம் நடக்குதா? எல்லாம் நடக்குதா?"

"ஒரு குறையும் இல்லாம நடக்குது" என்றேன், பெருமையாக.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அது ஏன் வந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, உதட்டை அசைத்து எதையோ தனக்குத்தானே சொல்லத் தொடங்கினார்.

"என்னமோ மந்திரம் போடுறான்" என்று பாண்டி விசிறியை வேகமாக வீசினான்.

பாய் வந்தார்

வெயில் தாழ்ந்து பட்டறை நிழல் தெருவைத் தொட்டபோது காதர் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். முழங்கால்வரை கொடிக்கால் சேறு. பெஞ்சைப் பார்த்தார். மோர்ச் செம்பு, இளநீர், சோடா பாட்டில் எல்லாம் வரிசையாக இருப்பதைப் பார்த்தார். அப்புறம் குனிந்து அந்த மனிதரின் உதட்டைப் பார்த்தார்.

"யாருண்ணே இது?"

"கல்லு எறிஞ்சவன் பிடிபட்டான் பாய். ஐயாவோட மச்சினன்னு பொய் சொல்றான். தண்ணியக் காட்டினேன், தொடவே மாட்டேங்குறான்."

"அண்ணே, இவரு நோன்பு."

"விரதம்னு அவரே சொன்னாரு. விரதத்துக்குத் தண்ணி குடிச்சா என்ன? என் வீட்டுல—"

"அது உங்க வீட்டு விரதம்ணே. இந்த வாயப் பாருங்க. எச்சிகூட முழுங்காம இருக்காரு." பாய் அவர் முன்னால் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். தொழிலுக்காகப் பல ஊர் சுற்றியதில் கொஞ்சம் மலையாளம் தெரியும். கேட்கக் கேட்கப் பாயின் முகம் மாறியது.

"ரயில் திருப்பரங்குன்றத்துல சிக்னலுக்கு நின்னுருச்சாம். பொழுது சாஞ்சிட்டா வண்டியில இருக்கக் கூடாதாம் அவங்களுக்கு. இறங்கிட்டாரு. பெட்டி பணம் எதையும் இன்னிக்குத் தூக்கக் கூடாது. எல்லாத்தையும் சத்திரத்துல போட்டுட்டு, காலையிலேர்ந்து வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்காரு."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"உள்ள எத்தனை பேருண்ணே?"

"ஒன்பது."

"பத்து வேணும்னு ஐயா சொல்லிக்கிட்டே இருந்தாரே."

என் வயிற்றிலிருந்த இட்லிகள் நாலும் கல்லாகிவிட்டன. ஐயா என்னை உட்காரவைத்துச் சொன்னது வார்த்தை வார்த்தையாகத் திரும்ப வந்தது. அதே நேரத்தில் பெஞ்சிலிருந்தவருக்கும் புரிந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார். "ஜெபம் நடக்குதுன்னு சொன்னீங்க. அப்போ பத்து ஆயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார், என்னிடம். குரலில் கோபம் இல்லை. கோபப்பட எச்சில் வேண்டாமா.

உள்ளே ஒன்பது பேர் பத்தாவது ஆளுக்காக, என் சட்டப்படி சன்னலைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள். பத்தாவது ஆள் தெருவின் இந்தப் பக்கம், என் சட்டப்படி, விசிறிவிடப்பட்டுக்கொண்டிருந்தார். கல் எறிந்தவன் ஒரு சன்னலைத்தான் உடைத்தான்.

நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். இரண்டு கையாலும் தட்டினேன். ஐயா திறந்தார். வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார். முகம் ஒரே நாளில் வற்றியிருந்தது. எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார், அவர் காலில் இருந்த செம்மண்ணைப் பார்த்தார், அப்புறம் அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினார்.

வெளியே

நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். பாண்டி பெஞ்சிலிருந்த சாமான்களை எடுத்து ஒளித்துவைத்தான், திருட்டுப் பொருள் மாதிரி.

"பாய், அந்த ஜெபத்துக்கு நேரங்காலம் ஏதும் உண்டா?" என்று கேட்டான்.

"எனக்கென்னப்பா தெரியும். எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கத்தான செய்யும்."

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நான் என் வாழ்க்கையில் அதை அப்படிப் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் நில் என்று ஒரு நெருப்புப் பந்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல்கள் வந்தன. பாட்டு மாதிரி ஒன்று, அப்புறம் சேர்ந்து முணுமுணுப்பு, அப்புறம் தனியாக ஒரு குரல். ஐயாவுடையதா? டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பஸ் போனபிறகு தனிக்குரல் இல்லை. அவர் சொன்னாரா, இல்லை நேரம் தாண்டிவிட்டதென்று விட்டுவிட்டாரா? பாஷை தெரியாதவன் சுவருக்கு வெளியே நின்று என்ன கண்டுபிடிப்பது?

காவல் என்றால் வெளியே இருப்பவனைப் பார்த்துக்கொள்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே எதற்காகக் கூடியிருக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காததை ஐயாவே சொன்னபோதும் பெட்டியைப் பற்றித்தான் கேட்டேன்.

காதர் பாய் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து நகர்ந்து எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கல் விழுந்த நாளன்று நான் அவர் பக்கத்தில் அப்படிப் போய் நின்றிருக்க வேண்டும்.

இருட்டு விழும் நேரம். திடீரென்று உள்ளேயிருந்து கொம்பு ஊதும் சத்தம். நீளமாக, ஒரு மாடு கத்துவதுபோலத் தொடங்கி எங்கேயோ ஏறியது. பாண்டி கம்பை எடுத்துக்கொண்டு கதவை நோக்கிப் பாய்ந்தான். பாய் அவன் இடுப்பைப் பிடித்துத் தொங்கினார்.

"விடு பாய், உள்ள ஆபத்து."

"ஆபத்துன்னா கத்துவாங்கப்பா. இம்புட்டு நிதானமா ஊதுவாங்களா?"

பாண்டி கம்பைத் தாழ்த்திக் காதைக் கொடுத்தான். "நம்ம ஊர்க் கோயில் கொம்பு மாதிரித்தான் இருக்கு" என்றான்.

கதவு திறந்தது. உள்ளே விளக்கு வெளிச்சமும், விரதம் முடிந்தவர்களின் பேச்சுச் சத்தமும். ஒவ்வொருவராக முற்றத்துக்கு வந்து ஒருவருக்கொருவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஐயா வாசலுக்கு வந்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

நான் வாழ்க்கையில் நீளமாகப் பேசிய சந்தர்ப்பங்கள் பல. அன்றைக்குப் பேசியதுதான் நீளம். எல்லாம் என் தப்பு என்றேன். அவர் மச்சினனைப் பிடித்து உட்காரவைத்தது நான் என்றேன். எனக்குக் கயிறு பிடிக்கத்தான் தெரியும், ஆளைத் தெரியாது, காதர் பாயைத் தலைவராக வைத்துக்கொள்ளுங்கள், நான் இன்றோடு விலகிக்கொள்கிறேன், இனிமேல் இந்த வாசல் பக்கமே வரமாட்டேன் என்றேன். கடைசியாக, கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னீங்களாய்யா?"

"சொல்லியாச்சு, அடுத்த சனிக்கிழமை சீக்கிரம் வந்துரு."